கண்ணாடியில் இரண்டு பொட்டுகள்

டீக்கடை டிவியில் ஓர் அமைச்சர் பதவி விலகிக்கொண்டிருந்தார். வயது அறுபதுதான். ஊழல் புகார் எதுவும் இல்லை, உடம்பும் நன்றாகவே இருந்தது. போதும் என்று தோன்றியதாம். செய்தி வாசித்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "எபி மாதிரி இறங்கத் தெரிந்த மனிதர்!"

தணிகைவேல் பாதி குடித்த டீயைப் பலகைமேல் வைத்தார்.

"இன்னா சாம்பியன், டீய பாதியில நிறுத்திட்டே?" என்றார் டீ மாஸ்டர் பக்கிரி. "உனக்குத்தான் நிறுத்தவே வராதே!"

கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். தணிகைவேலும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அது இன்னும் பெரிய வேடிக்கையாகிவிடும் என்பது அவருக்கு அனுபவம்.

இருபத்து நான்கு வருடமாக இந்த வாக்கியம் அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. எபி என்கிற எபநேசர், ஆசிய ஹெவிவெயிட் சாம்பியன். முப்பத்தொரு சண்டை, முப்பது வெற்றி, ஒரு டிரா, தோல்வி இல்லை. இருபத்தொன்பது வயதில் பெல்ட்டை வென்ற அதே இரவு, அதே மேடையில், இரண்டு கிளவுஸையும் கழற்றிக் கயிற்றில் மாட்டிவிட்டு இறங்கிப் போனவர். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது ஞானம் ஆகிவிட்டது. ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் 'நிறுத்தக் கற்ற வீரர்' என்று ஒரு பாடம் இருந்தது. கிரிக்கெட்காரன், பாடகர், கம்பெனி முதலாளி, யார் ஒதுங்கினாலும் எபி மாதிரி.

அதற்கு எதிர்ப்பதமும் ஒன்று உண்டு. தணிகை மாதிரி இழுக்காதே. எபி விட்டுப்போன பெல்ட்டை அடுத்த வருடம் தணிகைவேல்தான் வென்றார். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் வரிசையாக ஆறு சண்டை தோற்றதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருநாள் அவர் மனைவி குணசுந்தரி ஒரு சீரியலைப் பார்த்துக்கொண்டே, "எப்பவோ முடிஞ்சிருக்கணும், உங்கள மாதிரி இழுத்துகினு கெடக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை.

எபியின் அந்த ஒரே டிரா தணிகைவேலோடுதான். எபியின் கதையில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் 'எபநேசர் உள்விளையாட்டு அரங்கம்' திறக்கிறார்கள். வாசலில் சிலை, உள்ளே அருங்காட்சியகம். அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்திருந்தாள். பழைய பொட்டுப் பதிவுகளைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள், அவை உரியவருடையவைதானா என்று முதலில் சரிபார்க்க வேண்டும், ஒரு மணி நேரம் வந்துபோக முடியுமா என்று கேட்டாள். அழைப்பு வந்ததிலிருந்து தணிகைவேல் சரியாகத் தூங்கவில்லை. கவலை ஒன்றுமில்லை, சந்தோஷத்தில்தான்.

*

"உக்காருங்க சார். காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு ஒட்டணும்" என்றாள் நூருன்னிசா. வாணியம்பாடிப் பெண். படித்தது உடலசைவு இயல்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாலயே ஒட்டினவன்மா நான்" என்றார் தணிகைவேல்.

உளுந்தம்பருப்பு அளவில் கறுப்பாக ஒரு வில்லை. அடி விழும்போது மண்டைக்குள் மூளை எவ்வளவு குலுங்குகிறது என்று பதிவு செய்யும் கருவி. அது முதலில் வந்தபோது பெட்டியின் மேல் வாயில் நுழையாத பெயர் ஒன்று அச்சாகியிருந்தது. பச்சைக் குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் வைக்கும் மைப்பொட்டு மாதிரியே இருந்ததால், காசிமேட்டுக் குத்துச்சண்டைக்காரர்கள் அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

நாற்பது நாள் அதை ஒட்டிக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும். நாற்பத்தோராம் நாள் இயந்திரம் ஓர் எண்ணைச் சொல்லும். இன்னும் இத்தனை ரவுண்டு ஆடலாம், அதற்கு மேல் போனால் மூளையில் ஆறாத காயம் வரும். அந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் மீதி. எண் ஆடுகிறவனுக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும் மட்டும் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம். மீதி இருபதுக்குக் கீழே என்றால் இன்னும் ஒரே ஒரு சண்டை தருவார்கள். அதோடு சரி.

"அப்ப தப்பு நடக்க வாய்ப்பு இருந்துச்சா சார்? பொட்டு மாறிப்போறது, அந்த மாதிரி?"

"இருந்திருக்கலாம்மா" என்றார் தணிகைவேல், முகத்தை மிகச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "தண்ணி படக் கூடாதுன்னு சொன்னாங்க. குளிக்கறதுக்கு முன்ன கழட்டணும். வைக்கறதுக்கு ஒரு டப்பா குடுத்தாங்க, அது அன்னிக்கே காணாமப் போச்சு. பொட்ட கழட்டினா எங்க ஒட்டுவோம்? கண்ணாடியிலதான். வூட்ல அம்மா, அக்கா எல்லாம் அப்படித்தானே ஒட்றாங்க."

நூருன்னிசா சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே கண்ணாடியிலயா?"

"எடது மூலை எபி. வலது மூலை நான்."

ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடியில் இருந்தது மாசிலாமணி வாத்தியாரின் பயிற்சிக்கூடம். இருவரும் அங்கேயே தங்கிப் பழகினார்கள். குளியலறையில் பாதரசம் உரிந்துபோன ஒரு கண்ணாடி. முதல்நாள் மாலை வாத்தியாரே இரண்டு பொட்டையும் காகிதத்திலிருந்து உரித்து அதில் ஒட்டினார். "பேரு இந்தக் காயிதத்துலதான் கீது, பொட்டுல இல்ல. மாத்தி ஒட்டிக்கினா ரெண்டு பேருக்கும் கேடு. பாத்துக்கோங்க" என்றார். காகிதத்தைக் கசக்கி எறிந்தார்.

மறுநாள் காலை, விளக்குப் போடுவதற்கு முன்பே தணிகைவேல் எழுந்துபோய் இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினார்.

அதற்கு முந்தைய வாரம் எபியின் இடதுகைக் குத்து அவர் காதோரம் விழுந்து, மூன்று நாளாகக் காதில் வண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. தன் மீதி குறைவாகத்தான் வரும் என்று அவருக்குத் தோன்றியது. எபிக்கோ எல்லாம் நீளம். கை நீளம், கால் நீளம், கழுத்து நீளம். அவன் மேல் அடி விழுவதே அபூர்வம். கூட்டம் எபியை ஒட்டகச்சிவிங்கி என்று கொஞ்சும், தணிகைவேலைக் கழுத்தில்லாதவன் என்று கத்தும். உயரம் அவனுக்கு, அழகு அவனுக்கு, செய்தித்தாளில் படம் அவனுக்கு. மீதியாவது எனக்கு இருக்கட்டும் என்றுதான் நினைத்தார். ஒரு தடவை மாற்றினால் போதும். தினமும் அவரவர் மூலையில் இருப்பதை அவரவர் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள்.

நாற்பத்தோராம் நாள் சீட்டு வந்தது. இருவரும் ஒன்றாகவே பிரித்துப் பார்த்தார்கள். தணிகைவேலுக்கு நூற்று நாற்பது. எபிக்குப் பன்னிரண்டு.

எபி சீட்டைப் பார்த்தான். பிறகு தணிகைவேலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார் தணிகைவேல். வாழ்க்கையில் எபி அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அந்த ஒருநாள்தான். அது வெல்லம் மாதிரி இருந்தது.

பிறகு நடந்ததை ஊர் அறியும். எபி தன் கடைசிச் சண்டையில் ஒன்பதாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்து பெல்ட்டை வென்று, இறங்கி, தெய்வம் ஆனான். திருடியவருக்குக் கிடைத்தது ஆறு வருடம், ஆறு தோல்வி, நடுங்கும் இடதுகை. அந்த ஆறு வருடமும், தணிகைவேலின் ஒவ்வொரு சண்டைக்கும், எபி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான். கைதட்ட மாட்டான், கத்த மாட்டான். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். விழுவதை ரசிக்க வந்திருக்கிறான் என்று தணிகைவேலுக்குத் தெரியும்.

உண்மையை வெளியே சொன்னால் தான் திருடன் ஆக வேண்டும். அதனால் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லவே வேண்டாம். இயந்திரம் சொல்லும். பொட்டு மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லும், யார் மாற்றியது என்று அதற்குத் தெரியாது. வாத்தியார் இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. நூற்று நாற்பது ரவுண்டைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, தப்பான சீட்டைப் பார்த்துப் பயந்து இறங்கியவன் எபி என்று நாளைக்குச் செய்தி வரும். பன்னிரண்டோடு ஆறு வருடம் ஆடியவன் தணிகைவேல் என்றும் வரும். அவருக்கு அது போதும்.

"எபநேசர் சாரையும் மூணு தடவ கூப்பிட்டோம். வரவே மாட்டேங்கறார்" என்றாள் நூருன்னிசா. "பழசை எதுக்கும்மா கிளர்றீங்கன்னு கேக்கறார்."

"அப்படியா சொன்னான்?" என்றார் தணிகைவேல். காதில் தேன் பாய்ந்தது.

மெத்தை சுற்றிய இயந்திரக் கை ஒன்று அவர் தோளிலும் தாடையிலும் மெதுவாகத் தட்டியது. அரைமணி நேரம் நிழலோடு குத்தச் சொன்னாள். ஐம்பத்து நான்கு வயதில் மூச்சு வாங்கியது. பிறகு கணினி தன் வேலையைச் செய்ய ஒரு மணி நேரம்.

"நடையை வெச்சு இன்னார்னு சொல்லிடறோம் இல்லையா, அந்த மாதிரிதான் சார். ஒவ்வொரு தலையும் குலுங்கறது ஒவ்வொரு தினுசு. வயசானாலும் மாறாது."

திரையில் பச்சைக் கோடு வந்தது. அவள் திரும்பினாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். நூத்தி நாப்பது உங்களோடதுதான்."

தணிகைவேல் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்?"

"மறுபடி ஒரு தடவ பாரும்மா."

"மூணு தடவ பாத்துட்டேன்."

"பன்னெண்டு யாருது?"

"உங்க தலை இல்ல, அது உறுதி. அந்தக் கூடத்துல பதிவானது ரெண்டே பேர்தான்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். கழுத்து குட்டையா, கனமா இருக்கறவங்களுக்குத் தலை அதிகம் ஆடாது. கழுத்து நீளமா இருந்தா, பத்து அடி வாங்கினாலும் நூறு அடிக்குச் சமம். உங்க உடம்பு இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"இந்தக் கை?" நடுங்கும் இடதுகையை மேசைமேல் வைத்தார். "இது அடியால வந்ததில்லையா?"

அவள் கையைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். "நான் டாக்டர் இல்ல சார். ஆனா எங்க சித்திக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு. தைராய்டு பாத்தீங்களா?"

குணசுந்தரி பத்து வருடமாக டாக்டரிடம் போகச் சொல்கிறாள். டாக்டர் என்ன சொல்வார் என்று தனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பில் அவர் போகவே இல்லை.

"மொத்தம் எவ்ளோ ரவுண்டு ஆடியிருக்கேன்?"

"சீட்டு வந்த பிறகு அறுபத்தொண்ணு."

"அப்ப தோத்தது ஏன்?"

அவள் ஒரு வரைபடத்தைத் திறந்தாள். "சண்டைகள்லயும் பொட்டு ஒட்டியிருந்தீங்க இல்லையா. பெல்ட் ஜெயிச்ச மொதல் சண்டை பதினோரு ரவுண்டு. அதுல எல்லாம் ஒழுங்கு. அடுத்த சண்டையில, ரெண்டாவது ரவுண்டுலேருந்து இந்தப் பள்ளம் வருது, பாருங்க. அடி விழறதுக்கு அரை விநாடி முன்னாடியே உங்க தலை பின்னால போகுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு சண்டையிலயும் இருக்கு. ஏதாவது பயம் இருந்துச்சா சார்?"

பன்னிரண்டு ரவுண்டு முடிந்ததும் அவர் எண்ண ஆரம்பித்திருந்தார். பதிமூன்று. பதினான்கு. ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது, இது அவனுடையது, இதற்கு நான் செத்தாலும் கேட்க ஆளில்லை என்று நினைத்தார். தலை தானாகப் பின்வாங்கியது.

"இல்லம்மா" என்றார். "வயசுதான்."

*

வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. அவர் மாற்றி ஒட்டியதை யாரோ திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குளியலறைக்கு அந்தக் காலையில் போனது இரண்டே பேர். ஆக, எபிக்குத் தெரியும். திருடியதைப் பார்த்திருக்கிறான், சத்தமில்லாமல் சரிசெய்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஆறு வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து, திருடன் தன் பயத்திலேயே சாவதை வேடிக்கை பார்த்திருக்கிறான்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அரங்கத்துக்குப் போனபோது தணிகைவேலின் பைக்குள் நூருன்னிசா தந்த முடிவுத்தாள் இருந்தது. எதற்காக எடுத்துவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் சிலைக்கு மாலை போட்டிருந்தார்கள். சிற்பி கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தார்.

மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் எபி தனியாக இருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, கையில் மடித்த காகிதம். சற்றுமுன் ஆடிவிட்டுப் போன பெண்கள் தங்கள் பொட்டுகளை எல்லாம் அங்கிருந்த பெரிய கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சிவப்பு, மெரூன், கறுப்பு என்று இருபது முப்பது இருக்கும்.

"வந்துட்டியா தணிகா" என்றார் எபி. "உன்ன நானே கூப்ட்டு அனுப்பலாம்னு இருந்தேன்."

"இன்னா பேசணும்? முன் வரிசையில உக்காந்து பாத்ததெல்லாம் பத்தலையா ஒனக்கு?"

எபி அவரை நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தோராம் நாள் பார்த்த அதே பார்வை.

"கதவ சாத்திட்டு வா" என்றார். "இன்னிக்கு மேடையில ஒண்ணு சொல்லப் போறேன். அதுக்கு முன்ன நீ கேட்டுடணும். கேட்டுட்டு அடிக்கணும்னா அடி."

தணிகைவேல் கதவைச் சாத்தினார்.

"பொட்டு வந்த மறுநாளு காலையில. நீ வெளிய கயிறு தாண்டிகினு இருந்தே. நான் பல்லு தேய்க்கப் போனேன். கண்ணாடியில ரெண்டும் இருந்துச்சு." எபி காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்தார். "மாத்திட்டேன்டா."

"இன்னா சொன்னே?"

"மாத்தி ஒட்டிட்டேன். உன்னுத நான் எடுத்துகினேன், என்னுத உனக்கு வெச்சேன். அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நீ எவ்ளோ அடி வாங்கினாலும் செவுரு மாதிரி நிக்கறே. என் இடதுகைய காதுல வாங்கிகினு, அடுத்த நாளு வந்து இட்லி துன்னியே, அப்பவே எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. எனக்கு ஒரு அடி உழுந்தா ராத்திரி பூரா தலைய புடிச்சிகினு உக்காருவேன். உன் மீதிதான் பெருசா வரும்னு நெனச்சேன். எடுத்துகினேன்."

வெளியே யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்தார்கள். ஹலோ, ஹலோ, ஒன், டூ.

"சீட்டு வந்துச்சு. என் கையில பன்னெண்டு. அப்பதான் புரிஞ்சுச்சு, அய்யோ, இது தணிகாவோடது, அவன் தலையிலதான் பன்னெண்டு கீது, நூத்தி நாப்பதுன்னு நம்பிகினு அவன் ஏறப் போறான்னு. சொல்லியிருக்கணும். வாய் வரல. சொன்னா என் பேரு போயிடும். அப்புறம் பெல்ட்டு, மாலை, பாடப்புத்தகம். ஒவ்வொண்ணா ஏற ஏற சொல்றது கஷ்டமாப் பூடுச்சு. உன் ஒவ்வொரு சண்டைக்கும் வந்தேன். நீ உழுந்தா மொதல்ல ஏறித் தூக்கறது நானா இருக்கணும்னு முன்னால உக்காந்தேன்."

தணிகைவேல் கண்ணாடியில் தெரிந்த எபியைப் பார்த்தார்.

"அதோட விட்டுச்சா?" எபியின் குரல் மாறியது. "நீ மேல ஆடறே. நான் கீழ உக்காந்து ரவுண்டு எண்றேன். அதெல்லாம் என்னுதுன்னு தோணும். என் நூத்தி நாப்பத வெச்சிகினு நான் சிலையா நிக்கறேன், உன் பன்னெண்ட வெச்சிகினு நீ ஆடறியேன்னு. தோக்கறவன பாத்து பொறாமைப்பட்டவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்டா."

தணிகைவேலின் பைக்குள் முடிவுத்தாள் கனத்தது. அவர் மாற்றினார். எபியும் மாற்றினார். இரண்டு பொட்டும் தம் தம் இடத்துக்கே திரும்பிவந்துவிட்டன. அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை. இருபத்து நான்கு வருடம் இரண்டு பேரும் தங்களுடைய சொத்தையே மற்றவரிடம் பார்த்து வயிறெரிந்திருக்கிறார்கள்.

இதை எபியிடம் சொல்ல வேண்டும் என்று முதலில் அவருக்குத் தோன்றவில்லை. எபியின் முகம் வாடிக் கிடப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இத்தனை காலமும் தன்னிடம் இல்லாதது எபியிடம் இருந்தது. இப்போது எபியிடம் ஒரு முள் இருக்கிறது, அதை எடுக்கும் வழி தன்னிடம் இருக்கிறது. இருக்கட்டுமே.

"அத இன்னிக்கு மேடையில சொல்லிடப் போறேன்" என்றார் எபி. "எழுதிகினு வந்திருக்கேன். பேரு போனாப் போவட்டும்."

தணிகைவேலுக்கு அந்தக் காட்சி கண்ணில் ஓடியது. எபி ஒலிபெருக்கி முன் நிற்கிறார். குரல் உடைகிறது. அரங்கம் மூச்சுவிடாமல் கேட்கிறது. முடித்ததும் ஒரு நிமிட அமைதி. எங்கோ பின் வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டுகிறார். அப்புறம் எல்லோரும். பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். நாளைக் காலை பக்கிரியின் கடை டிவியில் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொல்கிறாள்: எபி மாதிரி ஒத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இன்னொரு பாடம்.

இதுவும் அவனுக்கா?

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் தணிகைவேல்.

"இல்லடா, நான்..."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்றேன்." பையிலிருந்து தாளை எடுத்து எபியின் மடியில் போட்டார். "நீ பல்லு தேய்க்கப் போறதுக்கு முன்ன நான் போனேன். நானும் மாத்தினேன். நீ மாத்தினது திரும்ப மாத்தினது. நூத்தி நாப்பது என்னுது. பன்னெண்டு உன்னுது. மெஷின் மூணு தடவ பாத்துச்சு."

எபி தாளைப் படித்தார். மறுபடி படித்தார். அப்புறம் மிக மெதுவாகத் தன் கழுத்தைத் தடவினார்.

"கடைசிச் சண்டையில" என்றார். "எட்டாவது ரவுண்டுல எடது கண்ணுல மின்னல் மாதிரி வந்துச்சு. ஒரு மாசம் ஆகியும் அது போவல. குற்ற உணர்ச்சியில வர்துன்னு நெனச்சேன்."

"அது உன் தலைடா. உன்னோட பன்னெண்டு."

"அப்ப நான் எறங்கினது..."

தணிகைவேல் ஒரு கணம் பல்லைக் கடித்தார். வாழ்க்கையில் வாங்கிய எந்தக் குத்தும் இவ்வளவு வலித்ததில்லை.

"சரிதான். நெஜமாவே சரியான நேரத்துலதான் எறங்கியிருக்கே."

எபி சிரித்தாரா அழுதாரா என்று சொல்வது கடினம். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து தணிகைவேலின் தலையைப் பிடித்துத் திருப்பினார். "காதுக்குப் பின்னால இன்னாடா இது?"

நூருன்னிசா ஒட்டிய பொட்டு. மூன்று நாளாகக் கழற்ற மறந்திருந்தார். எபி அதை நகத்தால் நெம்பி எடுத்தார். கண்ணாடிக்குப் போய், ஆட்டக்காரப் பெண்களின் பொட்டுகளுக்கு நடுவே வலது மூலையைத் தேடி, அங்கே ஒட்டினார்.

"உனக்கு மீதி எவ்ளோ கீது?"

"எழுபத்தொம்போது."

கதவைத் தட்டினார்கள். "சார், உங்களைத்தான் கூப்பிடறாங்க." எபி மடித்த காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

தணிகைவேல் கொஞ்ச நேரம் கண்ணாடி முன் நின்றார். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். எழுபத்தொன்பது ரவுண்டு என்றால் நான்கு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவு. ஒரு மாலைப்பொழுது. அவ்வளவு நேரம் அவர் பயப்படாமல் நின்றிருக்கலாம். வெளியே கைதட்டல் தொடங்கியது, நிற்கவே இல்லை.

அவர் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கழுத்தில் விழா அட்டை. மேடையில் எபி ஒலிபெருக்கியைப் பிடித்தபோது தணிகைவேலின் தலை தானாகச் சற்றுப் பின்னால் போனது.

"எல்லாரும் என்னைப் பத்தி நெறய பேசிட்டீங்க" என்றார் எபி. "என் முப்பத்தோரு சண்டையில ஒண்ணு டிரான்னு எழுதியிருக்கு. அது டிரா இல்ல. அன்னிக்கு அவன்தான் ஜெயிச்சான். தணிகைவேல். அதோ, முன்னால உக்காந்துகினு கீறான்."

எபி நிறுத்தினார். சட்டைப்பையின் மேல் கை போனது. காகிதத்தின் விளிம்பு வெளியே தெரிந்தது. தணிகைவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எபி கையை எடுத்துவிட்டார், கும்பிட்டார், ஒலிபெருக்கியை விட்டு விலகினார்.

அரங்கம் எழுந்து நின்றது. சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. ஒரு கேமரா தணிகைவேலைத் தேடி வந்து ஒரு நொடி காட்டிவிட்டு மேடைக்கே திரும்பியது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய மனசு, பாத்தீங்களா சார்? இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல, பாருங்க."

தணிகைவேலும் எழுந்து நின்று கைதட்டினார். இடதுகை நடுங்கியது.

"ஆமா சார்" என்றார். "அவனுக்கு நிறுத்தத் தெரியும்."